உப்பைக் குறைத்த தண்டோரா

ஆரணியில் பெருமை பேசாமல் ஒரு வாய் டீ குடிக்கத் தெரியாத மனிதர் ஒருவர் உண்டென்றால், அது எங்கள் தண்டோராதான். மிக்சர் கம்பெனி முதலாளி. அவரிடம் நான் வேன் ஓட்டிக்கொண்டு சேத்துப்பட்டு, பெரணமல்லூர் கடைகளுக்குச் சரக்கு போட்டுவந்தேன். அவருக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் சம்பளம் வாங்கும்போதுகூட எனக்கு நினைவுக்கு வராது.

ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் அவர் சாட்சி சொல்ல எழுந்தால், ஆயர் பிரசங்கத்தைப் பாதியாகச் சுருக்கிவிடுவார். கர்த்தர் செய்த நன்மைகளில் முக்கால்வாசி தண்டோராவின் யோசனைப்படி நடந்தது போலிருக்கும்.

பட்டு நெய்கிறவர்கள் எண்ணெய்க் கையோடு நூலைத் தொட மாட்டார்கள். அவர்கள் அண்ணாந்து வாயில் கொட்டிக்கொள்ள வசதியாக ஒல்லிப் பாக்கெட் போட்டவர் இவர். உண்மைதான். ஆனால் "அந்த ஐடியா யாருது தெரியுமா?" என்று ஆரம்பித்தாரானால், கேட்டவன் அன்று சாப்பாட்டுக்கு வீடு போய்ச் சேர மாட்டான்.

அப்பேர்ப்பட்டவருக்குப் பிரஷர் வந்தது. மிக்சரைத் தொடவே கூடாது என்றுவிட்டார் டாக்டர். மனிதர் ஆடிப்போனார்.

"நானே துன்னக் கூடாதத ஊருக்கு எப்பிடிப்பா விக்கிறது? உப்பக் கொறைக்கப் போறேன்."

கல்லா அவர் மனைவி கையில். நாங்கள் அக்கா என்போம்.

"இன்னாங்க, சட்டம் கிட்டம் எதுனா வந்துகீதா?" என்றார் அக்கா.

"சட்டம் வந்தா எவனுந்தான் கொறைப்பான். அதுல இன்னா பெருமை கீது?"

நாக்குக்குத் தெரியாமல், கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்துக்கொண்டே வந்தார். ஒரு பாக்கெட்கூடத் திரும்பி வரவில்லை. ஒருவரும் குறை சொல்லவில்லை. கடைசியில் அவருக்குத்தான் பொறுக்கவில்லை. இவ்வளவு பெரிய காரியத்தைச் செய்துவிட்டு வாயை மூடிக்கொண்டிருப்பதா? பாக்கெட்டில் சிவப்பு இதயம் ஒன்றைப் போட்டு, 'உப்பைக் குறைத்துவிட்டோம்!' என்று கொட்டை எழுத்தில் அச்சடித்தார்.

வந்தது வினை. முந்தின வாரம் அதே மிக்சரைச் சப்புக்கொட்டித் தின்றவர்கள், இப்போது வாயில் போடுமுன்பே சப்பென்று இருப்பதாகச் சொன்னார்கள்.

"ஆஸ்பத்திரிக்கு ஆரஞ்சுப் பழத்துக்குப் பதிலா இத வாங்கினு போவலாங்க" என்றார் தேசூர்க் கடைக்காரர் ஒருவர்.

வேன் நிறையக் கொண்டுபோனேன். வேன் நிறையத் திரும்பக் கொண்டுவந்தேன். பாதி அடுப்பு அணைந்தது. பாக்கெட் போடும் பெண்கள் வேறு வேலை விசாரிக்கத் தொடங்கினார்கள்.

"பேஜார் பண்ணாதீங்க. ஜல்தியா பழையபடி உப்பக் கொட்டுங்க" என்றார் அக்கா.

"உப்ப ஏத்த மாட்டேன்."

"வேற இன்னா செய்வீங்க?"

"வாய மூடிக்கிறேன்."

அக்கா கல்லாவை விட்டு எழுந்து வந்து அவர் நெற்றியைத் தொட்டுப் பார்த்தார்.

இதயம் போய், பழைய பாக்கெட் வந்தது. உள்ளே அதே குறைந்த உப்புதான். பின்பக்கம் பொடி எழுத்தில் உப்பின் சரியான அளவு இருக்கத்தான் செய்தது. அதை யார் படிக்கிறார்கள்? நிலவரம் பார்க்க அவரே என்னோடு வேனில் ஏறிக்கொண்டார். சேத்துப்பட்டில்தான் எங்களுக்குப் பெரிய கடை. கடைக்காரர் ஒரு பாக்கெட்டைப் பிரித்து வாயில் கொட்டிக்கொண்டு நிதானமாக மென்றார்.

"இப்பதாங்க பழைய ருசி வந்துகீது. நடுவுல உங்களுக்கு இன்னா ஆச்சு? எவன் பேச்சக் கேட்டு அப்பிடிப் பண்ணீங்க?"

தண்டோராவின் கழுத்து நரம்பு புடைத்தது. வாய் திறந்தது. உண்மை ஒரு சொல் வெளியே வந்தால் போதும், அந்தக் கடையும் போச்சு, அத்தனை பெண்களின் வேலையும் போச்சு.

"தப்புப் பண்ணிட்டேங்க" என்றார். "உங்க நாக்க ஏமாத்த முடியுமா?"

ஆரணி வரும்வரை அவர் பேசவேயில்லை. கைக்குட்டையால் முகத்தைத் துடைத்துக்கொண்டே வந்தார். வண்டியை ஓரங்கட்டிவிட்டு அவரைக் கட்டிக்கொள்ள வேண்டும்போல் இருந்தது எனக்கு.

அந்த மிக்சரின் பெயரை மட்டும் என்னிடம் கேட்காதீர்கள். நன்றாக விற்றுக்கொண்டிருக்கிறது, விற்கட்டும்.