மூவாயிரமாம் வாயிலின் முற்றுகை

வாழ்க கல்யாணராமன்! முப்பத்தோராண்டு கல்லூரிக் கரும்பலகைகளில் சுண்ணக்கட்டிகளைத் துகளாக்கி, நுண்கணிதம் என்ற சொல்லுக்கே நடுங்கிய மாணவப் பெரும்படைகளைக் கரையேற்றி, இன்று மந்தைவெளியில் பதினாறு வீட்டு அடுக்ககத்தின் மூன்றாம் மாடியில் ஓய்வூதியம் பெற்று வீற்றிருக்கும் மூக்குக்கண்ணாடி வேந்தன் வாழ்க! அவன் மடிக்கணினியைத் தாங்கிய சாப்பாட்டு மேசை வாழ்க!

போருக்கு மூலம் மொட்டை மாடி. சித்திரை வெயில் தீக்குழம்பாய்ப் பொழிய, பதினாறு வீட்டாரும் அதே மாடியில், அதே நாளில், வடாம் இட விழைந்தனர். வேந்தனின் துணைவி அபயாம்பாள் வைகறையில் எழுந்து பிழிந்த கூழ்வடாத்தின்மேல், முதல் மாடி ஜோதிலட்சுமியின் ஈரப் போர்வைகள் மூன்று, கொடியறுந்து, மலை சரிந்தாற்போல் வீழ்ந்தன. ஜோதிலட்சுமியே குடியிருப்போர் சங்கச் செயலாளர். அவள் அவை கூட்டி, இனி யாருக்கு எந்த நாள் என்று பதிந்துகொள்ள ஒரு வழி வேண்டும் என்றாள். யூடியூப் என்னும் குருகுலத்தில் மூன்று வாரம் பயின்றிருந்த கல்யாணராமன், சிங்கம் பிடரி சிலிர்த்தெழுவதுபோல் பிளாஸ்டிக் நாற்காலியிலிருந்து எழுந்து சபதம் உரைத்தான்.

“ஞாயித்துக்கிழமை சாயங்காலம் அஞ்சு மணிக்குள்ள ஒரு வெப் அப்ளிகேஷன் பண்ணித் தரேன். பண்ணலேன்னா இந்த வருஷம் எங்காத்து வடாம் மாடி ஏறாது.”

அபயாம்பாள் அந்த அவையில் இல்லை. சபதச் செய்தி அவளை லிஃப்டில் வந்தடைந்தது. அன்றைய ரசத்தில் உப்பில்லை.

சனிக்கிழமை மாலை வேந்தன் ஒத்திகை பார்த்தான். வெப் அப்ளிகேஷன் கட்ட ஆயத்த அச்சாய் உதவும் நவீன ஃபிரேம்வொர்க் என்னும் மாயத்தேரை ஒற்றைக் கட்டளையால் அழைத்தான். பதினாறு பெயரும் கோடைத் தேதிகளும் கொண்ட ஒரு பட்டியலுக்காக, பதினெட்டாயிரம் கோப்புகள் கடல் பொங்கினாற்போல் அணி அணியாய் வந்து அவன் கணினியில் இறங்கின. திரையில் ஒரு வரவேற்புப் பக்கம் மலர்ந்தது. வெற்றிக் களிப்பில் அவன் கணினியை மூடி வைத்துவிட்டு அடையாற்றில் ஒரு கச்சேரிக்குப் போய்விட்டான்.

ஞாயிறு பிறந்தது. பட்டியலுக்கான நிரலை எழுதி முடித்து, சங்கு முழங்குவதுபோல் தொண்டையைச் செருமி, ஓட்டும் கட்டளையைத் தட்டினான். அந்தோ! செந்நிற எழுத்துகள் சீறின. மூவாயிரம் என்னும் எண்ணுடைய போர்ட்டை ஏற்கெனவே வேறெவனோ பிடித்திருக்கிறானாம். போர்ட் என்பது கணினிக்குள் ஒரு செயலி நின்று வருவோரை எதிர்கொள்ளும் வாயில். அவ்வாயிலைக் கவர்ந்த கள்வன் யார்?

வெகுண்டான் வேந்தன். பதினெட்டாயிரம் கோப்புகளையும் அழித்தான், மீண்டும் வரவழைத்தான். கள்வன் அசையவில்லை. நோய்க்கிருமி தேடும் மென்பொருளை ஏவினான். அது ஒரு மணி நேரம் எட்டுத் திக்கும் துழாவி, எல்லாம் நலம் என்று திரும்பியது. தன்னை வீழ்த்த யாரோ வைஃபை வழியே புகுந்துவிட்டதாக ஐயுற்று, அதையும் அணைத்துப் பார்த்தான். மணி நான்கைத் தாண்டியது. வேர்வை ஆறாய் ஓட, மின்விசிறி சாமரம் வீச, தோல்வியின் கருநிழல் அவன் வழுக்கையின்மேல் படர்ந்தது. முப்பத்தோராண்டில் எந்த மாணவனும் காணாத அச்சம் அக்கண்களில் தெரிந்தது.

ஜவ்வரிசி டப்பாவைக் கையிலேந்தி வந்த அபயாம்பாள் அதைக் கண்டாள். அவள் கோபம் தணிந்தது.

“ஏன்னா, நேத்திக்கு ஒண்ணை ஓடவிட்டேளே, அதை நிறுத்தினேளோ?”

 வேந்தன் திரையின் அடிவரிசையில் ஒடுங்கிக் கிடந்த ஒரு கறுப்புச் சாளரத்தை மெல்லத் திறந்தான். ஆங்கே, மூவாயிரமாம் வாயிலில், நேற்றைய அவனே நின்றிருந்தான்! தன்னைத் தானே முற்றுகையிட்ட அம்மாவீரன், இரண்டே விசைகளை அழுத்தி நேற்றைய ஓட்டத்தை நிறுத்தித் தன்னைத் தானே வென்றான்.

நாலு ஐம்பத்தெட்டுக்குப் பட்டியல் பக்கம் உதயசூரியனென ஒளிர்ந்தது. முகவரியைச் சங்கத்து வாட்ஸப் குழுவில் முழக்கினான். ஐந்து நிமிடத்தில் ஜோதிலட்சுமியின் அழைப்பு வந்தது.

“சார், எங்க யார் போன்லயும் அது தொறக்கல. உங்க கம்ப்யூட்டர்ல மட்டும் வருதுன்னா, நாங்க மேல வந்து பார்க்கலாமா?”

ஆம், அவ்வாயில் அவன் கணினிக்குள் மட்டுமே திறப்பது. எனினும் அஞ்சினானில்லை வேந்தன், வருக என்றான். பதினைந்து வீட்டாரும் படிகள் அதிரத் திரண்டு வந்து, மேசையைச் சூழ்ந்து, ஆளுக்கு மூன்று நாள் எனத் தத்தம் பெயரைத் தட்டி, வியந்து, கைதட்டி, அவன் புகழை மந்தைவெளி விண்முட்டப் பாடினர். எதிரி ஜோதிலட்சுமியும் சபதம் நிறைவேறிற்றென்று அறிவித்தாள்.

அத்தனை பேருக்கும் காபி போட்டுக் கொடுத்துவிட்டு அபயாம்பாள் வந்து பட்டியலைப் பார்த்தபோது, ஜூன் பதினான்கு வரை நாள் எதுவும் காலி இல்லை.