மடுவில் நின்ற ஸ்னூக்கர் குச்சி

அன்றைக்கு அங்கே இருந்தவர்கள் நாலே பேர்: கொல்லிமலைக் காப்பித்தோட்டத்து வெள்ளைக்காரத் துரை, அவர் பங்களாவில் சமையல் பார்த்த பட்லர் மாமா, மாமா மகள் பொன்னி, நான். இப்போது மலையடிவாரத்து எங்கள் ஊர் காரவள்ளியில் யாரைக் கேட்டாலும் தானும் இருந்ததாகச் சொல்கிறார்கள்.

பொன்னியை எனக்குக் கொடுப்பதாகப் பேச்சு. வரப்போகிற மாப்பிள்ளை மரத்தை மோந்தே பேர் சொல்வார் என்று மாமா துரையிடம் அளந்துவிட்டிருந்தார். (மூணாங்கிளாஸோடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டுவிட்டுத் துறையூர் மரக்கடைக்குப் போனவன் நான். அங்கே அள்ளியது மரத்தூள்.) துரையிடம் ஸ்னூக்கர் ஆடும் பழைய குச்சிகள் இரண்டு. ஒன்று ஒடிந்துபோனது. மிஞ்சியதைப் போலவே சேலத்து ஆசாரியிடம் செய்யச்சொல்ல, அது என்ன மரம் என்று தெரியவேண்டும். சொன்னால் தையில் கல்யாணம். சொல்லாவிட்டால் பொன்னி அவளுடைய அத்தை மகன் ஒருவனுக்கு.

குச்சியை வாங்கி மோந்தேன், சுருட்டு நாற்றம். நக்கினேன், மெழுகு. கையழுக்கு ஏறி நுனிமுதல் அடிவரை ஒரே புகைநிறம். மரக்கடையில் இதற்கு ஒரு வழி உண்டு. சிராய் செதுக்கித் தண்ணீரில் போடுவார்கள். கருங்காலி என்றால் முழுகும். ஆனால் துரை குச்சியில் கத்தி வைக்கலாமா? ஜெயில் வரைக்கும் யோசித்துவிட்டேன். செதுக்கப் பயந்து, குச்சியை முழுசாகவே பங்களாவுக்குப் பின்னால் இருந்த ஓடை மடுவில் போட்டேன்.

அது மிதக்கவும் இல்லை, முழுகவும் இல்லை. அடி உள்ளே, நுனி வெளியே என்று நட்டுவைத்த மாதிரி நின்றது. நின்றபடியே நடுமடுவுக்குப் போனது. (எனக்கு நீச்சல் தெரியாது. குளிப்பதே சொம்பில்தான்.)

பின்னால் துரை குரல் கேட்டது. "என் குச்சி ஏன் குளிக்குது?"

பொன்னிதான் சேலையை வரிந்துகட்டி நீந்திப்போய் எடுத்துவந்தாள். "மேல ஒரு மரம்ங்க, கீழ கருங்காலிங்க" என்று உளறினேன். துரை துடைத்துச் சுரண்டிப் பார்த்தார். உளறல் சரிதான். மேலே சீமையிலிருந்து வந்த ஆஷ் என்ற வெள்ளை மரம், அடியில் கருங்காலி, பழைய கால ஒட்டு. முதுகில் தட்டிக்கொடுத்தார்.

அதோடு நான் ஊடு போய்ச் சேர்ந்திருக்கலாம். ஈரம் உள்ளே இறங்கிவிடுமோ என்று கவலை. யாரிடமும் சொல்லாமல் குச்சியைப் பங்களா அடுப்புக்கு மேலே காயவைத்தேன். மத்தியானம் பார்த்தால் குச்சி அரிவாள் மாதிரி வளைந்துகிடக்கிறது.

சம்பந்தம் இத்தோடு போச்சு என்றார் மாமா. அடுப்படியிலிருந்து பொன்னி சொன்னாள்:

"செதுக்க பயந்து தண்ணியில போட்டாரு, ஈரத்துக்கு பயந்து அடுப்புல வெச்சாரு. அத்தை மகன் எதுக்கும் பயப்படறதில்லீங்கப்பா. எனக்கு அதுதானுங்க பயமா இருக்குது."

தையில் கல்யாணம் நடந்தது. துரை வைத்த மொய் அந்த வளைந்த குச்சி. இன்றைக்கும் அதில்தான் முருங்கைக்காய் பறிக்கிறோம். எவ்வளவு குறி பார்த்தாலும் பக்கத்துக் காய்தான் விழும். நான் எதையாவது முடிவு பண்ணத் தெரியாமல் விழித்தால் பிள்ளைகள் அம்மாவைக் கூப்பிடுகிறார்கள்:

"அம்மா, அப்பா மடுவுல நிக்கறாரு, வந்து எடுங்க."