பூச்சியம் ஏக்கருக்கு இரண்டு மணித்தியாலத் தண்ணீர்

ஞாயிற்றுக்கிழமை எனக்கு ஒரேயொரு வேலைதான் இருந்தது. நாலாம் வாய்க்காலின் தண்ணீர் முறைப் பட்டியல் போடும் புரோகிராமை ஒருக்கால் சரிபார்த்து, கமக்காரர் அமைப்பின் செயலாளர் சிவராசா அண்ணையிடம் கொடுக்க வேண்டும்.

புரோகிராம் நான் எழுதியது. தர்மபுரத்தில் வீட்டிலிருந்தபடி வெளியூர் அலுவலகம் ஒன்றுக்கு நிரல் எழுதுகிறவள் நான். ஊருக்கும் ஏதாவது செய்ய வேண்டுமே என்று போன வருசம் எழுதிக் கொடுத்தேன். கமக்காரரின் பெயர், ஏக்கர், எத்தனை மணித்தியாலம் தண்ணீர் என்று வரிசையாகப் போகும். மணித்தியாலத்தை ஏக்கரால் வகுத்து, ஒருவருக்கும் கூடக்குறைய இல்லை என்றும் பார்த்துக்கொள்ளும்.

அலுவலகத்தில் புதிதாக ஒரு கருவி தந்திருந்தார்கள். அது நிரலை ஓடவிடாமல், வாசித்தே பிழை பிடிக்கும். சாதகம் பார்ப்பது போலத்தான்; கலியாணம் கட்ட முதலே எங்கே சண்டை வரும் என்று சொல்லிவிடும். ஆனால் சாத்திரியார் போல இழுத்துப் பேசாது. எந்த எண்ணைக் கொடுத்தால் எந்த வரியில் விழும் என்று கணித ஆதாரத்தோடு சொல்லும். பரிகாரமும் அதுவே செய்யும்.

இதையெல்லாம் என் கணவருக்கு அரை மணித்தியாலம் விளக்கினேன். நாலாம் வாய்க்காலிலேயே எங்கள் வயலைச் செய்கிற அவர், மண்வெட்டிக்குப் பிடி போட்டுக்கொண்டிருந்தார்.

"அப்ப நீர் ஒண்டும் செய்யத் தேவையில்லை?"

"அது கேக்கிற இடத்திலை ஓம் எண்டு அமத்தோணும்."

"அது உமக்கு வராதே."

கேட்காதது போல இருந்து கருவியை ஓடவிட்டேன். ஐந்து பிழை என்றது. என் நிரலில் ஐந்தா என்று முதலில் கோபம் வந்தது. வாசித்துப் பார்த்தால் நாலும் சில்லறை. ஐந்தாவது மட்டும் கனதியானது: 'ஏக்கர் பூச்சியமாக இருந்தால், வகுக்கும் இடத்தில் நிரல் நின்றுவிடும். பரிகாரம்: அப்படிப்பட்டவரைத் தவிர்த்துவிட்டுச் செல்க.'

பூச்சியம் ஏக்கரில் எவர் வயல் செய்வார்? நியாயமான பரிகாரம். ஓம் என்று அமத்தினேன்.

'பிழை எதுவுமில்லை, நிரூபிக்கப்பட்டது' என்று பச்சை எழுத்தில் வந்தது. அதைப் படம் பிடித்து வட்ஸ்அப் ஸ்டேட்டஸில் போட்டேன். கணிதத்தில் 'நிரூபித்தல்' என்றால் என்ன என்று கீழே மூன்று வரி விளக்கமும் சேர்த்தேன். பதினொரு பேர் பார்த்தார்கள். எவரும் ஒன்றும் சொல்லவில்லை.

திருத்திய புரோகிராமைச் சிவராசா அண்ணைக்கு அனுப்பிவைத்தேன். பின்னேரம் அவர் போன் எடுத்தார்.

"பிள்ளை, இந்த முறை வழுக்கிக்கொண்டு போகுது. முடிஞ்சுது எண்டும் சொல்லுது."

"முந்தி சொல்லேல்லையோ?"

"முந்தி கடைசியிலை வந்து, சிவப்பா என்னவோ எழுதிப்போட்டு நிண்டிடும்."

"அதை எனக்குச் சொல்லேல்லையே அண்ணை."

"அதிலை சொல்ல என்ன பிள்ளை இருக்கு?"

பாவம், பிழையைப் பிழை என்று தெரியாத மனுசன் என்று நினைத்துக்கொண்டேன்.

செவ்வாய் காலை பத்து மணிக்கு எங்கள் வீட்டுப் படலையில் மகேஸ் அக்கா நின்றா, கையில் மண்வெட்டியோடு. மலைநாட்டிலிருந்து வந்து இங்கே குடியேறிய குடும்பம். வாய்க்கால் முடிகிற இடத்தில், காட்டோரமாக முக்கால் ஏக்கர் நெல் செய்கிறா.

"தங்கச்சி, உங்க மிஷினு என்னைய அழிச்சிருச்சாமே?"

"என்னக்கா சொல்லுறீங்கள்?"

"லிஸ்டுல எம் பேரு இல்லையாம். உங்க வீட்டுக்காரருதான் கடைசியாம். பன்னண்டு மணிக்கு வாய்க்கால மூடிருவேன்னு தண்ணி தொறக்கிறவரு சொல்றாரு. எத்தன வருசமா நான்தானே கடைசி? அதுக்கும் போட்டிக்கு வந்துட்டீங்களா?"

சிரித்துக்கொண்டுதான் கேட்டா. பிறகு சிரிப்பு நின்றது.

"கதிரு இன்னும் வெளிய வராம குடலையில நிக்குது. இந்தத் தண்ணி தப்புனா அடுத்தது எட்டு நாளு. அதுக்குள்ள எல்லாம் பதராப் போயிரும்."

சிவராசா அண்ணைக்குப் போன் எடுத்தேன்.

"அண்ணை, மகேஸ் அக்கான்ரை பேர் எங்கை?"

"இருக்குமே பிள்ளை, கடைசியிலை."

"எத்தினை ஏக்கர் எண்டு போட்டனீங்கள்?"

"பூச்சியம்."

"அவா முக்கால் ஏக்கர் செய்யிறா அண்ணை."

"அவவுக்கு இன்னும் காணிப் பத்திரம் வரேல்லைப் பிள்ளை. முக்கால் எண்டு எழுதினா, பத்திரம் எங்கை எண்டு நீர்ப்பாசனக் கந்தோரிலை கேப்பினம். பேரையே எழுதாமல் விட்டா தண்ணி இல்லை. அதாலை பூச்சியம். முழு வாய்க்காலுக்கும் தெரியும்."

"அப்ப தண்ணி எப்பிடிக் குடுக்கிறனீங்கள்?"

"உங்கட புரோகிராம் சரியா அவவின்ரை பேரிலை வந்து நிக்கும். நிண்ட உடனை, ஆ, மகேஸ் எண்டு ஞாபகம் வரும். நான் கையாலை ரண்டு மணித்தியாலம் எழுதிப்போட்டு அனுப்புவன். தொடங்கின நாளிலையிருந்து அப்பிடித்தான். பிள்ளை நல்லா யோசிச்சுச் செய்திருக்கு எண்டு கூட்டத்திலையும் சொன்னனான்."

நான் எழுதியதில் ஊருக்கு உண்மையாகவே உதவிய பகுதி அந்தப் பிழைதான். அதைத்தான் திருத்தியிருந்தேன்.

மகேஸ் அக்காவுக்கு விளக்கம் சொல்ல வேண்டியது என் கடமை என்று பட்டது.

"அக்கா, கருவியிலை பிழை இல்லை. புரோகிராம் எந்த இடத்திலையும் விழாது எண்டதைத்தான் அது நிரூபிச்சது. ஆருக்குத் தண்ணி போகோணும் எண்டு நான் அதுக்குச் சொல்லேல்லை. சொல்லாத ஒண்டை அது எப்பிடி..."

"தங்கச்சி, மணி பத்தே காலு."

பன்னிரண்டு மணிக்குத் தண்ணீர் ஐந்தாம் வாய்க்காலுக்குப் போக வேண்டும். அங்கே முப்பது பேர் மண்வெட்டியோடு நிற்பார்கள்; அவர்களிடம் போய்க் கணிதம் பேச முடியாது. மிச்சம் இருந்தது ஒரேயொரு தண்ணீர்தான். எட்டு மணி தொடக்கம் பன்னிரண்டு வரை ஓடுகிற எங்கள் தண்ணீர்.

அக்காவை ஸ்கூட்டியில் ஏற்றிக்கொண்டு வயலுக்குப் போனேன். மண்வெட்டி முழுப் பாதையும் என் காதுக்குப் பக்கத்தில் வந்தது. கணவர் வரம்பில் நின்று தண்ணீர் பாய்வதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"எங்கட மடையை அடைச்சு, தண்ணியை அக்காவுக்கு விடோணும்."

"மேற்குப் பக்கம் இன்னும் பாயேல்லை."

"தெரியும்."

"பிறகென்ன?"

"புரோகிராமிலை ஒரு பிழை."

"இல்லை எண்டு நிரூபிச்சனீர். ஸ்டேட்டஸிலை பாத்தனான்."

"இருந்த பிழையை எடுத்ததுதான் பிழை."

அவர் என்னைப் பார்த்தார். அக்காவைப் பார்த்தார். பிறகு குனிந்து, இரண்டு வெட்டு மண் எடுத்து மடையை அடைத்தார்.

"ஓடுங்கோ அக்கா, தண்ணி வருது."

"தங்கச்சிய ஏசாதீங்க தம்பி. மிஷினு பண்ணுனதுதானே."

"மிஷின் கேட்டது மட்டுந்தான் அக்கா. ஓம் எண்டு அமத்தினது இவா. பன்ரண்டு வருசமா எனக்கு ஒருக்காலும் சொல்லாத ஓம்."

அக்கா சிரித்துக்கொண்டே வரம்பால் ஓடினா. தண்ணீர் அவவுக்குப் பின்னால் போனது.

பின்னேரம் இருந்து நிரலைத் திருப்பி எழுதினேன். இப்போது ஏக்கர் பூச்சியமானால் நிற்கும். நின்று, 'செயலாளர் கையால் எழுத வேண்டியவர்' என்று சிவப்பில் காட்டும். கருவியை மறுபடி ஓடவிட்டேன். இங்கே நிரல் நின்றுவிடும், திருத்தவா என்று கேட்டது. வேண்டாம் என்றேன். காரணம் எழுதச் சொல்லி ஒரு கட்டம் வந்தது.

'முழு வாய்க்காலுக்கும் தெரியும்' என்று எழுதினேன். பேசாமல் ஏற்றுக்கொண்டது.

மகேஸ் அக்காவின் வயலில் இப்போது கதிர் நிறைந்து தலை சாய்ந்து நிற்கிறது. எங்கள் வயலில் மேற்கு மூலை மட்டும் வெளிறிப்போய்க் கிடக்கிறது. ஏன் அந்தப் பக்கம் அப்படி என்று வரம்பால் போகிறவர்கள் கேட்டால், கணவர் நின்று மரியாதையாகப் பதில் சொல்கிறார்.

"அதுதான் பிழையில்லை எண்டு நிரூபிச்ச துண்டு."