பில் மாமியும் கல்லாற்று மீன் குழம்பும்

ஒரு மசால் தோசைக்குப் பின்னால் எத்தனை பொய்கள் ஒளிந்திருக்க முடியும் என்பது, திருவனந்தபுரத்தில் வேறு எவரையும்விட எங்கள் ஆபீஸ் பில் மாமிக்குத்தான் நன்றாகத் தெரியும்.

ஆரியசாலையில் ஒரு மிளகாய் மொத்தக் கடைக்கு மேல்மாடியில் எங்கள் ஆபீஸ். தண்ணீர் சுத்திகரிக்கும் மெஷின் விற்று, பழுதும் பார்க்கிற கம்பெனி. ஊர் ஊராகப் போய்வரும் நாங்கள் கொடுக்கும் பயணச் செலவு பில்களைச் சரிபார்த்துக் கையெழுத்துப் போடுவது மாமியின் வேலை. கரமனை அக்ரஹாரத்துக்காரர். நேரில் மேடம், முதுகுக்குப் பின்னால் பில் மாமி. கீழேயிருந்து கிளம்பும் மிளகாய் நெடியில் ஆபீஸே தும்மும். மாமி தும்மிப் பார்த்ததில்லை. பில் பார்க்கும்போது அவர் மூச்சு விடுவதில்லை என்று ஒரு பேச்சு உண்டு.

சீனியர் சஜீவன் சேட்டன் ஒருமுறை, தம்பானூரிலிருந்து கரமனைக்கு ஆட்டோ என்று இருநூற்று நாற்பது ரூபாய் எழுதினார்.

"சஜீவா, தினமும் அந்த வழியாத்தான் நான் நடந்தே வரேன். உன் ஆட்டோ எது வழியாப் போச்சு, நாகர்கோவில் வழியாவா?"

"பயங்கர பிளாக் மேடம். ஆட்டோ அனங்கியதே இல்ல."

"அசையாத ஆட்டோக்கு இருநூத்து நாப்பதா? அதுக்கு ஒரு ரூம் எடுத்துப் படுத்துண்டிருக்கலாமே."

மாமியின் மேசைக் காலண்டரில் ஹர்த்தால் நாட்களைச் சுற்றிச் சிவப்பு வட்டம் இருக்கும். மேனேஜரே அப்படி ஒரு வட்டத்தில் விழுந்தார். கஸ்டமருடன் பொரோட்டா சாப்பிட்டதாக அவர் கொடுத்த பில்லில், கேரளம் முழுக்கக் கடையடைத்திருந்த ஒரு நாளின் தேதி. மாமி மெதுவாகக் கேட்டார்:

"அன்னிக்குத் திறந்திருந்த கடை எதுன்னு சொல்லுங்கோ சார். கட்சிக்காரா தேடிண்டிருக்கா."

பிறகு, பில்லைப் படமெடுத்து அனுப்பினால் போதும் என்று மொபைல் ஆப் வந்தது. இனி மாமியின் ஆட்டம் முடிந்தது என்று சஜீவன் சேட்டன் எல்லோருக்கும் பழம்பொரி வாங்கிக் கொடுத்தார். மறுவாரம் மாமி அவரைக் கூப்பிட்டு, கோழிக்கோட்டு ஓட்டல் பில்லின் படத்தைப் பெரிதாக்கிக் காட்டினார்.

"பில்லுக்கு அடியில மஞ்சப் பூப்போட்ட விரிப்பு தெரியறது, பார்த்தியா?"

"ஓட்டல் டேபிள் மேடம்."

"உங்காத்து டைனிங் டேபிளாக்கும். கிருகப்பிரவேசத்துக்கு வந்தப்போ நான் பாயசம் கொட்டின கறைகூட அப்படியே இருக்கு."

நான் வேலைக்குச் சேர்ந்து ஐந்தரை மாதம் ஆகியிருந்தது. ஆறு மாதம் முடிந்தால் நிரந்தரம். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். அப்பா சாலைச் சந்தையில் மூட்டை சுமக்கிறார். இந்த வேலை போனால் அடுத்த நாள் அவர் பக்கத்தில் நானும் நிற்கவேண்டியதுதான்.

அந்தச் சமயத்தில் என்னை மலையடிவாரத்திலுள்ள கல்லாற்றுக்கு மூன்று நாள் அனுப்பினார்கள். முதல் நாள் ஒரு விடுதியில் பழுது பார்ப்பது, மற்ற இரண்டு நாள் வீடு வீடாகப் புது மெஷின் காட்டும் வேலை. திரும்பி வந்து பஸ் டிக்கெட்டுகளை மட்டும் ஒட்டிக் கொடுத்தேன். சாப்பாட்டுக்கு நேராக ஒரு கோடு.

"மூணு நாளும் சாப்பிடலையோ?" என்றார் மாமி.

"சாப்பிட்டேன் மேடம். அதுக்குக் கம்பெனி எதுக்குத் தரணும்? வீட்டுல இருந்தாலும் திங்கத்தானே செய்வேன்."

மாமி கண்ணாடியைக் கழற்றினார். பதினெட்டு வருஷ அனுபவத்தில் இப்படி ஒரு பொய்யை அவர் கேட்டதில்லை என்பது முகத்தில் தெரிந்தது.

"விடுதியில கேட்டாச்சு. முதல் நாள் பார்த்தோம்கறா. மத்த ரெண்டு நாள்? டிக்கெட் பஸ் ஸ்டாண்டுல பொறுக்கினாக் கிடைக்கும். சாப்பிடாதவன் போகாதவனாக்கும். திங்கட்கிழமைக்குள்ள சாப்பிட்டதுக்குத் தெளிவு, ஏதாவது ஆதாரம் கொண்டா. இல்லேன்னா உன் கன்ஃபர்மேஷன்ல நான் கையெழுத்துப் போட மாட்டேன்."

அவர் சும்மா மிரட்டுகிறவர் இல்லை. பொறுக்கிய டிக்கெட்டை ஒட்டிய ஒருவர் போன மாதம்தான் வேலை இழந்திருந்தார். நான் சாப்பிட்டதோ ஆற்றோரத்தில் ஓமனச்சேச்சி என்பவரின் ஓலைக்கடையில். அங்கே பில் என்று ஒன்று கிடையாது என்று சொல்லியும் மாமி மசியவில்லை.

சஜீவன் சேட்டன் பையிலிருந்து எழுதாத ஓட்டல் பில் ஒன்றை உருவி நீட்டினார். "எடா பொட்டா, இதுல எழுதிக் கொடு. நீ மட்டும் பட்டினி கிடந்தா நாங்க தின்னதெல்லாம் கள்ளம்னு ஆகும்லே."

ஞாயிற்றுக்கிழமை முழுவதும் அந்தக் காகிதத்தின் முன் உட்கார்ந்திருந்தேன். சாப்பிட்டது நிஜம், பில்தான் பொய். சாயங்காலம் மூன்று சாப்பாடு என்று எழுதியும்விட்டேன்.

திங்கட்கிழமை மாமியின் மேசை முன் போய் நின்று சட்டைப்பையில் கைவிட்டேன். அதற்குள் அவர் ஒரு காலண்டர் தாளை என் பக்கம் தள்ளினார். பின்புறத்தில் மலையாளத்தில் யாரோ எழுதியிருந்தார்கள். முதல் நாள்: கப்பைக்கிழங்கு, மீன் குழம்பு. இரண்டாம் நாள்: ஊண், மீன் குழம்பு. மூன்றாம் நாள்: ஊண், பொரித்த மீன் இரண்டு. கீழே ஓமனச்சேச்சியின் கையெழுத்து.

"நேத்திக்குப் பஸ்ஸேறிப் போயிருந்தேன்" என்றார் மாமி. "வளைவுக்கு வளைவு வயத்தைப் புரட்டித்து. அந்தக் கடையில மீன் வாசனைக்கு நடுவுல ஒரு மணி நேரம். சேச்சிக்கு ஓர்மை வரணுமே. ஒல்லியா, வாயைத் திறக்காம தலையைக் குனிஞ்சுண்டே திங்கற பையன்னு சொன்னேன். உடனே பிடிகிட்டித்து, ஞாபகம் வந்துடுத்து."

என் கை சட்டைப்பைக்குள்ளேயே அந்தப் பில்லைக் கசக்கிக்கொண்டிருந்தது.

"மூணு சாப்பாட்டுக்கும் பாஸ். ஆனா ரெண்டாவது பொரிச்ச மீனுக்குத் தர முடியாது. அது ஆசை, ஆவசியம் இல்லை."

நிரந்தரக் கடிதத்திலும் அங்கேயே கையெழுத்துப் போட்டார். நான் "மேடம், உங்க பஸ் காசு?" என்று கேட்டேன்.

"ஆபீஸ் என்னை அனுப்பித்தா? நானாப் போனேன். அதைப் போட்டா கள்ளப் பில்லாக்கும்" என்று அடுத்த பில்லை எடுத்துக்கொண்டார்.

பொரித்த மீன் விஷயத்தில் எனக்கு அவர்மேல் இன்னும் வருத்தம் உண்டு. இருந்தாலும், நான் சாப்பிட்டேனா என்று கேட்டுத் தெரிந்துகொள்ள, லீவு நாளில் சொந்தக் காசில் மலையடிவாரம் வரை பஸ்ஸில் போன மனுஷி இந்த உலகத்தில் அவர் ஒருவர்தான்.