அப்பா இனி வண்டி ஓட்டலாமா என்பது பற்றி

அன்புள்ள அக்காவுக்கு,

நான் நலம். நீயும் அத்தானும் நலமாகத்தான் இருப்பீர்கள். இல்லையென்றால் அதற்கும் நான்தான் காரணம் என்று இதற்குள் சொல்லி அனுப்பியிருப்பீர்கள். மூன்று நாளாகப் போனில் சிக்னல் இல்லாததால் கடிதம். அடுத்த பெட்ரோல் பங்க்கில் தபால் பெட்டி இருக்கிறதாம்.

அறுபத்தெட்டு வயதில் அப்பா இனி வண்டி ஓட்டலாமா, பயணத்தில் பார்த்துச் சொல், கூடாதென்றால் சாவியை வாங்கி வைத்துவிடலாம் என்றாய். பார்த்தாயிற்று. கூடாது.

நான் போட்ட அட்டவணைப்படி இரண்டு நாளில் பாலைவனத்தைத் தாண்டியிருக்க வேண்டும். இன்று ஐந்தாம் நாள், பாதிதான் வந்திருக்கிறோம். முப்பத்தொரு வருஷம் பஸ் ஓட்டிய மனுஷன் நாற்பதுக்கு மேல் மிதிக்க மாட்டேன் என்கிறார், பாறை சிவப்பாக இருந்தால் நிறுத்துகிறார், சிவப்பாக இல்லையென்றாலும் நிறுத்துகிறார், கேட்டால் "ஸ்டாப்பிங் இல்லாத எடத்துல நிறுத்தினா மெமோ குடுத்தானுங்கடா, இப்ப எவன் கேப்பான்?" என்கிறார். நிறுத்திய வண்டியைத் தானாக எடுக்கவும் மாட்டார். யாராவது கண்டக்டர் மாதிரி பக்கவாட்டில் இரண்டு தட்டு தட்ட வேண்டும். அம்மாதான் பின்னால் ஏறி உட்கார்ந்து, ஜன்னல் வழியே கையை விட்டுத் தட்டுவாள். டொப் டொப். வண்டி நகரும்.

இன்று மாலை ஒரு மணல்மேட்டருகே நிறுத்தினார். நான், படுக்கவும் சமைக்கவும் வசதி செய்த எங்கள் வேனின் பின்பக்கம், கட்டிலுக்கடியில் தலையை விட்டுத் தண்ணீர் மோட்டாரைக் கழற்றிக்கொண்டிருந்தேன். டொப் டொப் கேட்டது, கிளம்பினோம். பதினான்கு கிலோமீட்டர் கழித்து அப்பா "டீ ஊத்தும்மா" என்று குரல் கொடுத்தார். டீ வரவில்லை. நான் எழுந்து, "அம்மா எங்கப்பா?" என்றேன்.

"பின்னாடி."

"பின்னாடி நான்தான் இருக்கேன்!"

"திரும்பிப் பாக்க மாட்டீங்களா?" என்று கத்தினால், "ஓட்டும்போது டிரைவர் திரும்பக் கூடாதுடா, ஏறினாங்களா எறங்கினாங்களான்னு பாக்கறது கண்டக்டர் வேலை" என்கிறார். சொன்னாரே தவிர, அங்கேயே வண்டியைத் திருப்பினார். திரும்பும்போது தொண்ணூறில் வந்தார் அக்கா. வழியில் ஒரு சிவப்புப் பாறைக்கும் நிறுத்தவில்லை.

அம்மா ஒரு பாறைமேல் எங்களுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தாள். செருப்பில் புகுந்த மணலை உதற, செருப்பை வண்டியில் இரண்டு தட்டு தட்டினாளாம், அதற்குள் போய்விட்டோமாம். நான் கத்த வாயைத் திறந்தேன். "ச்சூ" என்று விரலைத் தூக்கினாள்.

நான் தொழிற்சாலையில் இரைச்சல் அளப்பவன். அளக்க ஒன்றுமே இல்லாத இடத்தில் நான் நின்றதில்லை. காற்று இல்லை, பூச்சி இல்லை. என் காதுக்குள் ரத்தம் ஓடுவது எனக்கே கேட்டது. வெயில் சாயச் சாய மேடுகளின் நிழல் நீண்டு, ஒரு மேட்டிலிருந்து அடுத்த மேட்டுக்கு ஏறியது. கண்ணெதிரே, அவசரமே இல்லாமல். கண்ணுக்கெட்டியவரை மேடு, ஒன்றுகூட இன்னொன்று மாதிரி இல்லை. எவ்வளவு நேரம் நின்றோம் என்று தெரியாது. கடிகாரத்தை நான் பார்க்கவில்லை. நீ நம்பமாட்டாய்.

அது வேறு, பாதுகாப்பு வேறு. பெண்டாட்டியைப் பாலைவனத்தில் விட்டுவிட்டு வருபவரிடம் வண்டி இருக்கக் கூடாது. ஊர் வந்ததும் சாவியை வாங்கிவிடு. நான் வாங்கினால் அழுதுவிடுவார்.

அத்தானுக்கு என் வணக்கம். பிள்ளைகள் நன்றாகப் படிக்கட்டும், படிக்காவிட்டாலும் நன்றாக இருக்கட்டும்.

இப்படிக்கு,
உன் தம்பி

பி.கு.: கடிதத்தை அம்மா வாங்கிப் படித்துவிட்டாள். "மணலும் இல்ல மண்ணாங்கட்டியும் இல்ல. அவர் மேல தப்பு சொல்லாத. நான்தான் வேணும்னே தட்டினேன்" என்கிறாள். "கல்யாணம் ஆனதுலேர்ந்து தனியா அரை மணி நேரம் உக்காந்ததில்லடா. நீங்க ரெண்டு பேரும் தொணதொணத்துக்கிட்டே இருந்தா இதையெல்லாம் எப்படிப் பாக்கறது?" நாங்கள் திரும்பி வராமலே போயிருந்தால் என்றேன். "ஃபிளாஸ்க் என்கிட்ட இருந்துச்சே!" என்றாள். ஆகவே மேலே எழுதியதை அடித்துவிடு. தட்டினால் எடுக்க வேண்டும், எடுத்தார். டிரைவரிடம் கோளாறு இல்லை, சாவி அவரிடமே இருக்கட்டும். நாளையும் அம்மாவை இறக்கிவிட்டுப் போகிறோம். நானும் இறங்கிக்கொள்கிறேன் என்று கேட்டுப் பார்த்தேன். "வேற பாறை பாத்துக்கோ" என்கிறாள்.