பாக்சிக்குக்குப் போட்ட மாலை

என் தங்கையின் கல்யாண மாலையை முதலில் அணிந்தவர் அவளுடைய கணவர் இல்லை. இப்படிச் சொன்னால் புதிதாகக் கேட்பவர்கள் ஒரு கணம் என் முகத்தையே பார்க்கிறார்கள். அதனால் வேறு இடத்திலிருந்து தொடங்குகிறேன். எனக்குப் பழைய டீசல் எஞ்சின்கள் பிடிக்கும்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் நல்ல மனிதர்கள் கோயிலுக்கோ பாசாருக்குக் காய்கறி வாங்கவோ ரொட்டி சானாய் சாப்பிடவோ போவார்கள். அதே நேரத்தில் கிள்ளான் பள்ளத்தாக்கில் ஏதாவது ஒரு தண்டவாள ஓரத்தில், கேமராவும் தொப்பியுமாக எட்டுப் பேர் வெயிலில் நின்றுகொண்டிருப்பார்கள். அதில் ஒருவன் நான். மின்சார ரயில் வந்தால் நாங்கள் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டோம். பெயின்ட் உரிந்த கிழட்டு எஞ்சின் ஒன்று கரும்புகை கக்கியபடி, பின்னால் ஒரு ஊரையே கட்டி இழுத்து வந்தால் எங்களுக்குக் கண் கலங்கும். (புகையும் ஒரு காரணம்.) எஞ்சின் எண்ணைக் குறித்துக்கொள்வோம். வேகன்களை எண்ணுவோம். பிறகு ஒருவர் எண்ணியதை இன்னொருவர் எண்ணியதோடு ஒத்துப் பார்ப்போம். இதனால் யாருக்கு என்ன பிரயோஜனம் என்று அம்மா பல வருடமாகக் கேட்டு வருகிறார். பதில் இன்னும் தயாராகவில்லை.

எங்கள் குழுவுக்கு ஓர் எஞ்சின் மேல் தனிப் பாசம். அதன் வயதை மதித்து 'பாக்சிக்' என்று பெயர் வைத்திருந்தோம். மலாய்க்காரர்கள் பெரியவர்களைக் கூப்பிடும் மாமாதான் அது. பாக்சிக் நெடுநாளாகப் பணிமனையில் படுத்துக் கிடந்தது. இனி பழைய இரும்புக்குத்தான் போகும் என்று நாங்கள் துக்கத்தில் இருந்தபோது, எஞ்சின் ஓட்டுநரான மூர்த்தி அண்ணனிடமிருந்து செய்தி வந்தது. பாக்சிக் தேறிவிட்டது, வருகிற ஞாயிறு காலை போர்ட் கிள்ளானுக்குக் கன்டெய்னர் இழுக்கப் போகிறது. ஷா ஆலாம் தாண்டி ஒரு சின்ன நிலையத்தில், பயணிகள் ரயிலுக்கு வழிவிட ஐந்து நிமிடம் ஒதுங்கி நிற்கும்.

இதை எப்படிக் கொண்டாடுவது என்று குழுவில் பேச்சு எழுந்தது. என் நண்பன் அசிஸ் கேக் வெட்டலாம் என்றான். குழுவில் இருந்த ஒரே தமிழன் நான்தான். எங்கள் ஆட்கள் புது லோரி எடுத்தாலே மாலை போட்டு, சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்துத்தான் நகர்த்துவார்கள் என்று பெருமை அடித்தேன். பாக்சிக்குக்கு மாலை என் பொறுப்பு என்று எல்லார் முன்னாலும் வாக்கும் கொடுத்தேன்.

அதே ஞாயிற்றுக்கிழமைதான் என் தங்கை மாலதிக்குக் கல்யாணம்.

கல்யாணத்தில் எனக்கு எந்த வேலையும் தரக்கூடாது என்பதில் அம்மா உறுதியாக இருந்தார். "அவன நம்பி ஒரு சீப்பு வாழைப்பழம்கூட வாங்கிட்டு வரச் சொல்லாத. வழியில ரயிலு வந்தா அங்கயே நின்னுருவான்." மாலதிதான் எனக்காக வாதாடினாள். "எனக்கு இருக்கறது ஒரே அண்ணன்மா. மாலையாச்சும் அண்ணன் கையால வரட்டும்."

அந்த மாலை சாதாரண மாலை இல்லை. அவளே காகிதத்தில் கலர் பென்சிலால் வரைந்து கொடுத்தது. வெள்ளைச் சம்பங்கி நெருக்கமாக, இடையிடையே சிவப்பு ரோஜா, கீழே தாமரை மொட்டில் குஞ்சம். பிரிக்ஃபீல்ட்ஸ் பூக்கடைக்கு அவளே மூன்று தடவை போய்ப் பூவின் நிறம் பார்த்துவிட்டு வந்தாள். புடவையைக்கூட ஒரே தடவையில் எடுத்து முடித்தவள் அவள்.

வேலையைச் சுருக்கும் புத்திசாலித்தனம் எனக்கு எப்போதும் உண்டு. பாக்சிக்கின் மாலையையும் அதே பூக்கடை அக்காவிடம் சொல்லி வைத்தேன்.

"செவ்வந்தில பதினாலு அடியா? எந்தச் சாமிக்குத் தம்பி?"

"சாமி மாதிரிதான்க்கா. கொஞ்சம் எலுமிச்சம்பழமும் மிளகாயும் சேர்த்துக் கட்டிருங்க."

கல்யாணத்தன்று காலை ஆறரைக்கு நான் கடைக்குப் போனபோது இரண்டு வெள்ளை நுரைப்பெட்டிகள் தயாராக இருந்தன. ஒன்று பெரியது, ஒன்று சின்னது. எதில் எது இருக்கிறது என்று அக்கா தெளிவாகச் சொன்னார். அந்த நேரம் பார்த்து அசிஸிடமிருந்து செய்தி வந்தது. பாக்சிக் காஜாங்கைத் தாண்டிவிட்டதாம், பின்னால் வேகன்கள் முடிகிற மாதிரியே தெரியவில்லையாம். நான் போனைப் பார்த்தபடி "சரிக்கா, சரிக்கா" என்றேன். அக்கா இரண்டாவது தடவையும் சொன்னார். அப்போதும் "சரிக்கா" என்றேன்.

காரில் போகும்போதுதான் எது எது என்ற சந்தேகம் வந்தது. பெட்டியைத் திறந்து பார்த்திருக்கலாம். நானோ யோசித்துக் கண்டுபிடிக்க முடிவு செய்தேன். ஒரு பக்கம் இரண்டாயிரம் டன் இழுக்கிற எஞ்சின். இன்னொரு பக்கம் ஐந்தடி இரண்டங்குலம் இருக்கிற என் தங்கை. பெரிய பெட்டி யாருக்காக இருக்க முடியும்? (செவ்வந்தி மாலையைச் சுருட்டினால் சோற்றுப்பானைக்குள் அடங்கிவிடும் என்பதும், கல்யாண மாலையை மடக்கவே கூடாது என்பதும் எனக்குத் தெரியாது.) கணக்குச் சரியாக வந்த திருப்தியில் காரை ஓட்டினேன்.

நிலையத்தில் குழு முழுவதும் கூடியிருந்தது. எட்டு மணி வாக்கில் பாக்சிக் வந்து நின்றது. அது நின்ற இடத்தில் நடைமேடை அதிர்ந்தது. மூர்த்தி அண்ணன் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டினார்.

"தம்பி, இன்னிக்குத்தானே தங்கச்சி கல்யாணம்? மண்டபம் கிள்ளான்ல லைன் ஓரமா இருக்கறதுதானே? தாண்டும்போது நல்லா ஹார்ன் அடிச்சு விடுறேன்."

நெகிழ்ந்து போனேன். பெரிய பெட்டியை அசிஸ் கையில் கொடுத்து எஞ்சினின் முன்பக்கக் கைப்பிடிக் கம்பியில் கட்டச் சொல்லிவிட்டு, கேமராவோடு நல்ல கோணம் தேடிப் போனேன். கேமராவுக்குள் எல்லாம் துல்லியமாகத் தெரிந்தது. அசிஸ் இடது பக்கம் ஒரு மாலை கட்டினான். வலது பக்கம் ஒரு மாலை கட்டினான். சம்பங்கி, ரோஜா, தாமரை மொட்டுக் குஞ்சம். ஒரு மாலைதானே சொன்னோம், இரண்டு இருக்கிறதே என்றும் தோன்றியது. அக்காவுக்குப் பெரிய மனசு என்று நினைத்துக்கொண்டு பதினேழு படம் எடுத்தேன். பாக்சிக் இருமிவிட்டுக் கிளம்பியது. கடைசி வேகன் போகும்வரை நின்று எண்ணிவிட்டு, சின்னப் பெட்டியோடு கிள்ளானுக்குக் கிளம்பினேன்.

மண்டபத்தின் மாடியில் மணப்பெண் அறை. முகூர்த்தத்துக்கு முக்கால் மணி நேரம் இருந்தது. "பாத்தியாம்மா, அண்ணன் நேரத்துக்கு வந்துட்டாரு," என்று மாலதி கண்ணாடியைப் பார்த்தபடியே சொன்னாள். அம்மா பெட்டியைத் திறந்தார். மஞ்சள் செவ்வந்தியை வெளியே இழுத்தார். அது வந்துகொண்டே இருந்தது. ஓர் எலுமிச்சம்பழம் வந்தது, பிறகு நாலு பச்சை மிளகாய், பிறகு இன்னும் செவ்வந்தி.

"ஏன்டா," என்றார் அம்மா மிகவும் மெதுவாக. "இதுல மிளகா இருக்கு."

எனக்கு அப்போதுதான் புரிந்தது. நடந்ததைச் சொன்னேன். சொல்லி முடித்ததும் ஓர் அத்தை உட்கார்ந்துவிட்டார். கிள்ளான் பூக்கடைகளுக்கு வரிசையாகப் போன் போட்டார்கள். முகூர்த்த நாள், கட்டிய மாலைகள் எல்லாம் பேர் எழுதித் தொங்குகின்றன, மதியத்துக்கு மேல்தான் ஆகும் என்றார்கள். பிரிக்ஃபீல்ட்ஸ் போய்த் திரும்ப நேரம் இல்லை. மூர்த்தி அண்ணன் வண்டி ஓட்டும்போது போன் எடுக்க மாட்டார். அது விதி. அவர் விதியை மீறாதவர் என்று நானே பலரிடம் புகழ்ந்திருக்கிறேன்.

அந்த நேரத்தில் ஹார்ன் கேட்டது. பாரம் ஏற்றிய பாக்சிக் வழிநெடுக எல்லா ரயிலுக்கும் ஒதுங்கி வழிவிட்டு, எனக்குப் பின்னால் நிதானமாக வந்து சேர்ந்திருந்தது. மூர்த்தி அண்ணன் வாக்குத் தவறவில்லை. நீளமாக, நிறுத்தாமல் அடித்தார். அறையில் இருந்த அத்தனை பேரும் ஜன்னலுக்குப் போனோம். மாலதியும் புடவையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு வந்தாள். அவள் கலர் பென்சிலால் வரைந்த மாலைகள், ஒரு பூ உதிராமல், குஞ்சம் ஆட ஆட, எங்களுக்குக் கீழே போர்ட் கிள்ளானை நோக்கிப் போயின. பின்னால் கன்டெய்னர்கள் போய்க்கொண்டே இருந்தன.

கடைசி வேகனும் மறைந்தது. மாலதி என் பக்கம் திரும்பினாள்.

"எத்தன வேகன்ணே?"

"முப்பத்தெட்டு," என்றேன்.

பதில் சொல்லாமல் இருந்திருக்க வேண்டும். அம்மா அறையை விட்டு வெளியே போய்விட்டார். மாலதிக்குக் கண் நிறைந்துவிட்டது. மேக்கப் அக்கா, "அழாதீங்க லா, மை ஓடிரும்," என்று பஞ்சோடு ஓடி வந்தார். ஒரே ஒரு வேலை. அதையும் அவள் அம்மாவிடம் சண்டை போட்டு எனக்கு வாங்கித் தந்திருந்தாள். அவமானம் என்று படித்திருக்கிறேன், அன்றுதான் அது உடம்பில் எந்த இடத்தில் இருக்கிறது என்று தெரிந்தது. கழுத்துக்குப் பின்னால் இருக்கிறது. அங்கேதான் சூடாக இருந்தது.

அவள் தரையில் கிடந்த செவ்வந்தியைப் பார்த்தாள். மூக்கை உறிஞ்சினாள்.

"கத்திரிக்கோல் குடுங்க," என்றாள்.

பதினாலு அடியை ஏழு ஏழாக அவளே வெட்டினாள். நான் தரையில் உட்கார்ந்து எலுமிச்சம்பழத்தையும் மிளகாயையும் பிடுங்கினேன். அன்று எனக்குத் தரப்பட்ட இரண்டாவது வேலை அது. அதிலும் ஒரு மிளகாயை விட்டுவிட்டேன். மாப்பிள்ளை தினேஷின் மார்பில் அந்தப் பச்சை மிளகாய் தொங்குவதை எல்லாக் கல்யாணப் படங்களிலும் பார்க்கலாம். மேடையில் அதைக் கவனித்த அவர், குனிந்து என்னிடம், "பரவால்ல மச்சான், இனிமே யாரு கண்ணும் படாது," என்றார். தாலி நேரத்துக்கு ஏறியது. இதைக் குறிப்பிட்டுச் சொல்கிறேன், ஏனென்றால் வீட்டில் யாரும் குறிப்பிடுவதில்லை.

மாலையில் மூர்த்தி அண்ணன் போன் செய்தார். "மாலைய இங்க யார்டு பக்கத்துல இருக்கற முனீஸ்வரன் கோயில்ல சாத்திட்டேன் தம்பி. என்னா நேர்த்தி. யாரு சொல்லிக் கட்டினது?"

அன்றிலிருந்து எங்கள் குடும்பத்தில் யார் தாமதமாக வந்தாலும், எதை மறந்து வந்தாலும், கேட்கப்படுவது ஒரே கேள்வி. எத்தனை வேகன்? விநாயகர் சதுர்த்திக்குக்கூட எனக்குப் பூ வாங்கும் உரிமை கிடையாது. கத்திரிக்காய் வரை அனுமதி உண்டு.

நான் எடுத்த அந்தப் பதினேழு படங்களையும் அழித்துவிட்டதாக எல்லாரிடமும் சொல்லி வைத்திருந்தேன். முதல் கல்யாண நாளன்று மாலதி என்னைத் தனியாகக் கூப்பிட்டாள்.

"அந்த போட்டோ இருக்கா?"

"அழிச்சிட்டேன்மா."

"பொய் சொல்லாதண்ணே."

மூன்று இடத்தில் பத்திரமாக வைத்திருந்தேன். ஒன்றை அனுப்பினேன்.

இப்போது கிள்ளானில் அவள் வீட்டு ஹாலில் இரண்டு படங்கள் அடுத்தடுத்து மாட்டியிருக்கின்றன. ஒன்றில் மிளகாயோடு தினேஷும் செவ்வந்தியோடு அவளும். இன்னொன்றில் சம்பங்கியும் ரோஜாவும் அணிந்த பாக்சிக். வருகிறவர்கள் இரண்டாவதைக் காட்டி யார் என்று கேட்டால், "அவருதான் மூத்தவரு, நான் ரெண்டாவது," என்று தினேஷ் சொல்வார். எல்லாரும் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன், வேறு வழியில்லை.

போன வாரம் நான் போயிருந்தபோது ஒரு விருந்தாளி படத்தருகே போய் உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார். மாலதி தேநீர்த் தட்டை மேசையில் வைத்துவிட்டு, "இதுல பதினொரு வேகன்தான் தெரியும் அங்கிள். மொத்தம் முப்பத்தெட்டு," என்றாள்.

முப்பத்தெட்டு நான் சொன்னது. பதினொன்றை நான் அவளிடம் சொன்னதே இல்லை. அவளாகத்தான் எண்ணியிருக்கிறாள்.