கூட்ஸ் வண்டியில் ஆள் ஏற்றக் கூடாது

இனிமேல் என் வண்டியில் என் மாமனார் ஏறவே கூடாது என்று போன மாசி மாதம் ஒரு முடிவெடுத்தேன். லேசான முடிவில்லை. அதற்காக ஒரு மிலிட்டரி லாரியே வாங்கினவன் நான்.

அவசரப்பட்டு என்னை மட்டுமரியாதை இல்லாதவன் என்று நினைத்துவிடாதீர்கள். மாமனார் பஞ்சாட்சரம் தங்கமான மனுஷன். ஆனால் முப்பது வருஷம் மலை பஸ்ஸில் கண்டக்டராக இருந்து ரிட்டயர் ஆனவர். பஸ்தான் அவரை விட்டது. அவர் பஸ்ஸை விடவில்லை.

காவலூரிலிருந்து ஆலங்காயம் சந்தைக்கு வாராவாரம் என் ஜீப்பில் இறங்குவோம். நான், என் மனைவி தேவயானி, இரண்டு மூட்டை புளி, ஒரு மூட்டை சாமை. நியாயமாகப் பார்த்தால் அவ்வளவுதான் போக வேண்டும். ஆனால் மாமனாரும் வருவார். உட்காரச் சொன்னால் உட்கார மாட்டார். பின்படியில் தொற்றிக்கொண்டுதான் வருவார். ரோட்டோரம் எவனாவது தலையைச் சொறிந்தால்கூட கை காட்டுகிறான் என்று நினைத்து, வண்டியை நிறுத்தச் சொல்லி ஜீப்பின் தகரத்தில் ஓங்கித் தட்டுவார்.

"ஓல்டான்!"

"மாமா, ஏற்கெனவே பதினோரு பேரு கீறாங்க."

"நடுவுல காலியாதான் கீது மாப்ள. ஏம்மா, உள்ள போ, உள்ள போ!"

ஜீப்பில் நடு எது, உள் எது என்று அதைச் செய்தவனுக்கே தெரியாது. கியர் கம்பிக்குப் பக்கத்தில் யாரோ கொண்டுவந்த கோழி உட்கார்ந்திருக்கும். மூன்றாவது கியர் போட வேண்டுமென்றால் அதன் சம்மதம் வேண்டும். ஏறுகிறவர்களில் முக்கால்வாசி பேர் என் மனைவி வழி ஜனம். சொந்த வண்டி என்று ஏன் சொல்கிறார்கள் என்பது எனக்கு அந்த ஜீப்பில்தான் விளங்கியது.

இப்படி நொந்துபோயிருந்த நேரத்தில்தான் செல்போனில் அந்த வீடியோ வந்தது. பழைய மிலிட்டரி லாரி வாங்குவதற்கு முன்னால் தெரிந்துகொள்ள வேண்டிய விஷயங்கள் என்று ஒருவர் வரிசையாகச் சொல்லிக்கொண்டிருந்தார். இது சரக்கு வண்டி, இதில் ஆள் ஏற்றக் கூடாது, ஏற்றினால் கேஸ் என்றார். அந்த இடத்தில் போனை அணைத்துவிட்டேன். என் வாழ்க்கைக்குத் தேவையானதை அவர் சொல்லி முடித்துவிட்டார். அதற்குமேல் என்ன இருக்கிறது?

சாயங்காலமே பேச்சை எடுத்தேன்.

"தேவயானி, புளி சீசனுக்கு லாரி ஒண்ணு வாங்கலாம்னு கீறேன்."

"இன்னா லாரி?"

"மிலிட்டரி லாரி."

"யார் மேல சண்டைக்குப் போறீங்க?"

"சண்டைக்கு இல்லடி. மிலிட்டரிக்காரங்க ஏலம் வுட்டது. ஆலங்காயத்துல அடைக்கலம்னு ஒருத்தரு எடுத்து வெச்சினு கீறாரு. அத்தினியும் இரும்பு. மலையே ஏறும்."

"நாம மலையிலதான கீறோம்? ஏறாம இன்னா பண்ணும்? டீசல் எவ்ளோ குடிக்கும்?"

"கொஞ்சம் குடிக்கும்."

"உங்க தம்பியும் கொஞ்சம்னுதான் சொல்றாரு. பார்ட்ஸ் கெடைக்குமா?"

"தேடினா கெடைக்கும்."

"அந்தப் பச்ச பெயிண்டு நாம வெச்சிக்கக் கூடாதாமே?"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. இவளுக்கு எப்படித் தெரியும்? சமாளித்துக்கொண்டு, "வேற பெயிண்டு அடிச்சிக்கலாம்" என்றேன்.

"அப்போ வாங்குங்க."

அவ்வளவுதான். இருபது வருஷக் குடித்தனத்தில் ஒரு பிளாஸ்டிக் வாளி வாங்கக்கூட இவ்வளவு சீக்கிரம் உத்தரவு கிடைத்ததில்லை. மெல்ல என் பிரம்மாஸ்திரத்தை எடுத்தேன். முகத்தை முடிந்த அளவு சோகமாக வைத்துக்கொண்டேன்.

"ஒரே ஒரு மனக்கஷ்டம்தான். கூட்ஸ் வண்டி. ஆள் ஏத்தக் கூடாது. சட்டம். மாமாவ நெனச்சாதான் பாவமா கீது."

அவள் கோபப்படுவாள் என்று பார்த்தேன். அவளோ அமைதியாகப் புளியைக் கொட்டை நீக்கிக்கொண்டே சொன்னாள்.

"சட்டம்னா சட்டம்தாங்க. மீற முடியுமா? ஜீப்ப மட்டும் வித்துடாதீங்க. எனக்கு ஓட்டக் கத்துக் குடுங்க. எங்கூட்டு ஜனத்த நான் இட்டுனு போறேன். நீங்க தொந்தரவு இல்லாம லாரியில வாங்க."

அவள் காலில் விழாத குறை. இப்பேர்ப்பட்ட மனைவிக்கு எதிராகவா சதி செய்தோம் என்று கண்கூடக் கலங்கியது. சதியை மட்டும் விடவில்லை.

அடுத்த வாரம் அடைக்கலத்தின் யார்டுக்குப் போனோம். அவர் ஆலங்காயத்தில் பழைய வண்டி வாங்கி விற்கிறவர். பொய் சொல்ல மாட்டார். கேட்டால்தான் உண்மையும் சொல்வார். லாரியைப் பார்த்ததுமே எனக்கு நெஞ்சு விம்மியது. என் தோள் உயரத்துக்கு டயர். ஏணி வைத்து ஏற வேண்டிய கேபின். உள்ளே டிரைவருக்கு ஒரு சீட், பக்கத்தில் இன்னொரு சீட். ஏறி உட்கார்ந்து ஹாரனை அமுக்கினேன். அடேயப்பா! எதிர்க்கடையில் டீ குடித்துக்கொண்டிருந்தவர் டம்ளரைக் கீழே போட்டார். மறுபடி அமுக்கினேன். வாங்கப்போகிற வண்டியில் வேறு என்ன பார்க்க வேண்டும் என்று எனக்குத் தெரியவில்லை. அதனால் ஹாரனையே திரும்பத் திரும்பப் பார்த்தேன்.

தேவயானி அந்த நேரத்தில் லாரியின் பின்பக்கம் நின்று அடைக்கலத்திடம் ஏதோ பேசிக்கொண்டிருந்தாள். அவர் கையை நீட்டி நீட்டி விளக்கினார். அவள் தலையாட்டினாள்.

"பின்னாடி இன்னா பாத்த?" என்று கேட்டேன்.

"நீளம் பாத்தேன்" என்றாள்.

பெண்களுக்குப் புடவை ஞாபகம் போகாது என்று நினைத்துச் சிரித்துக்கொண்டேன்.

பேப்பர் வேலையெல்லாம் முடிந்ததும் அடைக்கலத்தின் ஆட்கள் இரண்டு பேர் லாரியை மேலே கொண்டுவந்து விட்டார்கள். ஒரு லாரிக்கு ஏன் இரண்டு பேர் என்று நான் யோசித்திருக்க வேண்டும். யோசிக்கிறவனாக இருந்தால் இந்தக் கதையே இல்லை. என்னிடம் ஹெவி லைசென்ஸ் இருக்கிறது. இளவட்டத்தில் வாணியம்பாடியில் லாரி ஓட்டியவன். அங்கே ரோடு நேராகப் போகும் என்பது வேறு விஷயம்.

தேவயானி மஞ்சள் பெயிண்டு அடிக்கச் சொன்னாள். அடித்ததும் வண்டி ஊருக்கே விளக்கு வைத்த மாதிரி ஆனது. நெல்லிவாசலிலிருந்துகூட ஆட்கள் வந்து பார்த்தார்கள். இதற்கிடையில் அவள் ஜீப்பும் ஓட்டக் கற்றுக்கொண்டு லைசென்ஸும் வாங்கிவிட்டாள். கோழிக்குக்கூட அவளிடம் பயம். ஒரு ஓரமாக உட்கார்ந்துகொண்டது.

சந்தை நாள் வந்தது. லாரியில் புளி மூட்டைகளை அடுக்கினேன். கேபினில் நான் மட்டும். பக்கத்து சீட்டில் என் துண்டு. தகரத்தைத் தட்ட ஆளில்லை. நடுவில் காலி என்று சொல்ல ஆளில்லை. பாட்டுப் போட்டுக்கொண்டு கிளம்பினேன். ஆஹா, ராஜா கெட்டான் போங்கள்! அந்தச் சுகம் முதல் கொண்டை ஊசி வளைவு வரைக்கும் இருந்தது.

வளைவில் ஸ்டீயரிங்கை முழுக்க ஒடித்தேன். லாரியின் மூக்கு தடுப்புச் சுவருக்குப் போய்விட்டது. வால் இன்னும் மேல் ரோட்டிலேயே இருந்தது. நடுவில் ரோடு தீர்ந்துவிட்டது. ரிவர்ஸ் எடுக்க வேண்டும். பின்னால் பாறையா, பள்ளமா, தெரியவில்லை. இறங்கிப் போய்ப் பார்த்தேன். பாறை. ஏறி வந்து ரிவர்ஸ் எடுத்தேன். எவ்வளவு எடுத்தேன் என்று பார்க்க மறுபடி இறங்கினேன். கீழேயிருந்து பஸ் ஒன்று வந்து ஹாரன் அடித்தது. பின்னால் பால் வண்டி ஒன்று வந்து அடித்தது. என் ஹாரன்தான் பெரியது. ஆனால் அதை யார்மேல் அடிப்பது?

அப்போது ஜீப் வந்து நின்றது. தேவயானி எட்டிப் பார்த்தாள். உள்ளே அவள் ஜனம் மொத்தமும் எட்டிப் பார்த்தது.

"இன்னாங்க, நின்னுட்டீங்க?"

"திரும்ப மாட்டேங்குதுடி!"

"இவ்ளோ நீட்டு வண்டி ஒரே தடவையில திரும்பாதுங்க. ரிவர்ஸ் எடுத்துதான் திருப்பணும். பின்னாடி விசில் குடுக்க ஆளு வேணும். அடைக்கலம் அண்ணன் அன்னிக்கே சொன்னாரே."

"எங்கிட்ட சொல்லலையே!"

"நீங்க ஆரன் அடிச்சினு இருந்தீங்க. வீடியோவுலயும்தான் சொன்னான்."

"எந்த வீடியோ?"

"நீங்க பாதியில அணைச்சீங்களே, அது. மீதிய நான் பாத்தேன்."

அவள் பின்பக்கம் திரும்பி, "நைனா, எறங்கு" என்றாள்.

மாமனார் பின்படியிலிருந்து இறங்கினார். சட்டைப் பையிலிருந்து விசிலை எடுத்து வேட்டியில் துடைத்தார். நடந்து போய் லாரிக்குப் பின்னால் நின்றார். ஒரு விசில், நின்றேன். இரண்டு விசில், எடுத்தேன். "ஒடிச்சி வா, ஒடிச்சி வா, அப்டியே நேராக்கு, போதும்!" வண்டி பூப்போல திரும்பியது. சும்மா சொல்லக் கூடாது, மனுஷன் அசத்திவிட்டார். பஸ் டிரைவர் அவருக்குக் கும்பிடு போட்டுவிட்டுப் போனார்.

"ரொம்ப தேங்க்ஸ் மாமா. ஜீப்புல ஏறிக்குங்க."

"இன்னும் எத்தினி வளைவு கீதுன்னு தெரியுமா?" என்றாள் தேவயானி.

"சட்டம்டி! கூட்ஸ் வண்டியில ஆள் ஏத்தக் கூடாது!"

"நைனா ஆளு இல்லீங்க. கிளீனரு. லாரிக்குக் கிளீனர் வெச்சிக்கலாம். அதுவும் சட்டம்தான்."

சொல்லிவிட்டு ஜீப்பைக் கிளப்பிக்கொண்டு போயே போய்விட்டாள். மாமனார் என் துண்டை எடுத்து மடித்து வைத்துவிட்டுப் பக்கத்து சீட்டில் உட்கார்ந்தார். ஜீப்பிலாவது எனக்கும் அவருக்கும் நடுவில் பதினோரு பேர் இருந்தார்கள்.

கொஞ்ச தூரம் போயிருக்க மாட்டோம். என் காதுக்குப் பக்கத்திலேயே இடி இடித்தது.

"ஓல்டான்!"

"மாமா, ஆள் ஏத்தக் கூடாது!"

"ஆள யாரு ஏத்தறது? இது லக்கேஜ் மாப்ள. ஆளு ஜீப்புல வரும், லக்கேஜ் இதுல வரும். தேவயானி பாப்பாதான் ஊர்ல எல்லாருக்கும் சொல்லி வெச்சிட்டுப் போயிருக்குது."

பலாப்பழம் ஏறியது. இரும்புக் கட்டில் ஏறியது. யாரோ மகளுக்குச் சீர் கொடுக்கும் பீரோ ஏறியது. நான்கு ஆடுகள், சைக்கிள், ரிப்பேருக்குப் போகும் மோட்டார் என்று ஏறிக்கொண்டே இருந்தது. எல்லாம் என் மனைவி வழி ஜனத்தின் லக்கேஜ். மாமனார் லாரியின் பின்பக்கத் தடுப்புப் பலகையைத் தட்டி, "நடுவுல காலியாதான் கீது!" என்றார். இந்த முறை உண்மையிலேயே காலியாக இருந்தது.

இப்படியே ஆறு மாதம் ஓடிவிட்டது. உங்களிடம் மறைப்பானேன், முன்பு நினைத்த அளவுக்கு மோசமில்லை. வழியில் நிற்கிற இடத்திலெல்லாம் மாமனார் எனக்கு டீயும் போண்டாவும் வாங்கித் தருகிறார். பஸ் காலத்துக் கதை சொல்கிறார். சில கதை நன்றாகக்கூட இருக்கிறது. ஒரு வளைவிலும் வண்டிக்குக் கீறல் விழவில்லை. தேவயானி எனக்கு முன்னால் சந்தைக்குப் போய், நல்ல கத்தரிக்காயாகப் பொறுக்கி வாங்கிவிடுகிறாள். வீட்டில் சாப்பாடு ருசிதான்.

ஆனாலும் ஆம்பளை என்று ஒரு ரோஷம் இருக்கிறதே. போன வாரம் கத்தரிக்காய்க் குழம்பு சாப்பிட்டுக்கொண்டே மெதுவாகக் கேட்டுப் பார்த்தேன்.

"தேவயானி, அந்த லாரிய வித்துடலாமா?"

அவள் இன்னொரு கரண்டி குழம்பு ஊற்றினாள்.

"யாருங்க வாங்குவாங்க? விசாரிச்சு வாங்கறவன் எவனும் அதத் தொட மாட்டான். விசாரிக்காம வாங்கற ஆளு இந்த மலைக்கே ஒருத்தர்தான் கீறாரு. அவர நான் கட்டிக்கினேன்."